மாணவர் என்பவர் யார்? – பல்கலைக்கழகப் பதிவேடுகளின் ஒருங்கிணைப்பை முன்வைத்து

படிப்பை முடித்து வெளியேறும் மாணவர் மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு முன்னால் ‘நோ டியூஸ்’ என்றொரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் அலைவது நம்முடைய கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நெடுங்கால வழக்கம். நூலகத்தில் ஒரு கையெழுத்து, விடுதியில் ஒன்று, ஆய்வுக்கூடத்தில் ஒன்று, உடற்கல்வித் துறையில் ஒன்று (மூன்று வருடமும் மைதானத்துப் பக்கமே போகாதவருக்கும் இது உண்டு), கணக்குப் பிரிவில் ஒன்று, கடைசியாகத் துறைத்தலைவர். இதை வெறும் சடங்காகப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட முடியாது. ஒன்றையொன்று அறியாத ஆறேழு பதிவேடுகள் ஒரே நிறுவனத்துக்குள் இருக்கின்றன. ஒரு மனிதரைப் பற்றி அவை தனித்தனியே சொல்வதையெல்லாம் ஓரிடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அந்த வேலையை மாணவரின் கால்கள் செய்கின்றன. ‘தகவல் அமைப்புகளின் ஒருங்கிணைப்பு’ என்று கணினித் துறையினர் இன்று சொல்லும் காரியம் இதுதான். கால்களுக்குப் பதிலாகக் கம்பி.

கால் நோகாமல் காரியம் முடிந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இது கம்பியை எதிர்க்கும் கட்டுரை அல்ல. ஆனால் ஒருங்கிணைப்பு பற்றி நிர்வாகத் தரப்பிலிருந்து வரும் பேச்சு முழுவதும் அதைக் குழாய்களைப் பொருத்துவது போன்ற ஒரு தொழில்நுட்பக் காரியமாகவே கட்டமைக்கிறது. குழாயில் இந்தப் பக்கம் ஓடுவதும் தண்ணீர், அந்தப் பக்கம் ஓடுவதும் தண்ணீர். பதிவேடுகள் அப்படியல்ல. ஒரு பதிவேட்டில் ‘மாணவர்’ என்று எழுதியிருப்பதும் இன்னொன்றில் ‘மாணவர்’ என்று எழுதியிருப்பதும் ஒரே பொருளைக் குறிப்பதில்லை. இரண்டையும் இணைப்பதற்கு முன்னால் யாருடைய பொருள் செல்லும் என்று தீர்த்தாக வேண்டும். அந்தத் தீர்ப்பு எங்கே, யாரால், யாரைக் கேட்டு எழுதப்படுகிறது என்பதே நம் அக்கறைக்குரியது.

சேர்க்கைப் பிரிவுக்கு மாணவர் என்பவர் பணம் கட்டிச் சேர்ந்தவர். தேர்வுப் பிரிவுக்கு, தேர்வுக்கு விண்ணப்பித்தவர். மூன்று வருடத்துக்கு முன் கல்லூரியை விட்டுப் போய், ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு அரியர் வைத்திருப்பவரும் அங்கே மாணவர்தான். நூலகத்துக்கு, கார்டு வைத்திருப்பவர். விடுதிக்கு, மெஸ் பில் கட்ட வேண்டியவர். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கும் ஆய்வாளரின் நிலை இன்னும் விசித்திரமானது. துறைக்கு அவர் மாணவர், உதவித்தொகைக் கணக்குக்கு அநேகமாக மாணவர் அல்ல, விடுதிக்கு அவர் ஒரு தொல்லை. ‘நம்மிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள்?’ என்று துணைவேந்தர் கேட்டால் நான்கு பிரிவும் நான்கு எண்களைச் சொல்லும். நான்கும் சரி.

இந்தக் கேள்வியை வெளியிலிருந்து கேட்பவர்கள் பெருகிய பிறகுதான் ‘நான்கும் சரி’ என்பது ஒரு நோயாகத் தெரியத் தொடங்கியது. தர மதிப்பீட்டுக்கான தேசியக் குழு, அதாவது ‘நாக்’, 1994இல் வந்தது. உயர்கல்விக்கான அகில இந்திய அளவாய்வு 2010–11ஆம் கல்வியாண்டிலிருந்து எடுக்கப்படுகிறது. தேசியத் தரவரிசை முதன்முதலில் 2016இல் வெளியானது. ஒவ்வொன்றுக்கும் படிவம், ஒவ்வொரு படிவத்துக்கும் எண்கள். மாணவரின் கால்வலி எத்தனையோ வருடமாக இருந்துகொண்டுதான் இருந்தது; அதைக் கண்டு யாரும் பதறியதாகத் தெரியவில்லை. பதற்றம் வந்தது இந்தப் படிவங்களால் என்பது என் கணிப்பு.

காரியம் எப்படி நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். நம் இலக்கிய நண்பர்கள் பலருக்குக் கணினி என்றால் ஒன்று அச்சுக்கோக்கும் கருவி, அல்லது கண்காணிப்பு எந்திரம். நடுவில் எதுவும் கிடையாது. விஷயமெல்லாம் அந்த நடுவில்தான் இருக்கிறது.

பத்துப் பிரிவுகளில் பத்துக் கணினி அமைப்புகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேராக இணைத்தால் 45 இணைப்புகள் வேண்டும். ஒன்றில் சிறு மாற்றம் செய்தாலும் அதைத் தொட்டிருக்கும் ஒன்பதும் ஆட்டம் காணும். நடுவில் ஒரு மையத்தை வைத்து எல்லாம் அதனோடு மட்டும் பேசும்படி செய்தால் பத்து இணைப்புகள் போதும். இதற்கு முதல் தேவை, ஒருவருக்கு எல்லா இடத்திலும் ஒரே எண். விண்ணப்ப எண், சேர்க்கை எண், தேர்வுப் பதிவு எண், நூலக எண் என்று நாலாகக் கிடப்பவரை இவர் ஒரே ஆள்தான் என்று யாராவது சொல்ல வேண்டும். இரண்டாவது தேவை, எந்தச் செய்திக்கு எந்தப் பிரிவு உடைமையாளர் என்ற முடிவு. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட், தகவலை அட்டவணைகளாக வைத்துக் கணித முறையில் கையாளும் வழியை 1970இல் முன்வைத்தார். அதிலிருந்து வளர்ந்த வடிவமைப்பு நெறிகளில் முக்கியமானது, ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டுமே எழுதப்பட வேண்டும் என்பது. மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளலாம், எழுதக் கூடாது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகம் போன்ற ஒரு நிறுவனத்தில் ‘நீ பார்க்கலாம், எழுதக் கூடாது’ என்று ஒரு பிரிவுக்குச் சொல்வது அதன் நாற்காலியைப் பிடுங்குவது மாதிரி.

மூன்றாவது, நேரம். பகல் 11 மணிக்குக் கட்டணம் கட்டியவர் மாலை 4 மணிக்கு ஹால் டிக்கெட் எடுக்கப் போனால் ‘ஃபீஸ் கட்டல’ என்று வரும். பணம் வந்துவிட்டது, செய்தி வரவில்லை. இரவில் ஒருமுறை மொத்தமாகக் கைமாறும்படி வைத்திருப்பார்கள். அந்த ஏழெட்டு மணி நேரம் அவர் இரண்டு மனிதராக இருக்கிறார். ஒருவர் கட்டியவர், ஒருவர் கட்டாதவர். நாளைக்குத்தான் தேர்வு என்றால் இது வேடிக்கை அல்ல.

இப்படிக் கோத்துக் கோத்துச் செய்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தின் ஒரே பெரிய மென்பொருளில் ஏற்றிவிடும் வழியும் உண்டு. தொழிற்சாலைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் எழுதப்பட்ட மென்பொருள்களே பெரும்பாலும் இப்படிப் பல்கலைக்கழகங்களுக்குள் வந்தன. அவை தம்மோடு ஒரு நிறுவனச் சித்திரத்தையும் கொண்டுவந்தன. மேலே ஒரு தலைமை, கீழே கிளைகள், எல்லாச் செலவுக்கும் ஒரு மேலாளரின் ஒப்புதல் என்ற சித்திரம். பல்கலைக்கழகம் அதுவா?

மெல்வின் கான்வே என்பவர் 1968இல் ஒரு கணினி இதழில் எழுதியதைக் கணினியாளர்கள் ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு நிறுவனம் எந்த அமைப்பை வடிவமைத்தாலும் அதில் தன் உள்ளிருக்கும் பேச்சுவார்த்தையின் வடிவத்தையே நகல் எடுத்துவிடும் என்பது அதன் சாரம். பேசிக்கொள்ளாத இரண்டு பிரிவுகள் பேசிக்கொள்ளாத இரண்டு கணினிகளைத்தான் உருவாக்கும். இதைத் திருப்பிப் போட்டால் இன்னொன்று கிடைக்கிறது. வெளியிலிருந்து ஒரு முழு அமைப்பை வாங்கி வைத்தால், அது தன்னிடமுள்ள வடிவத்துக்கு நிறுவனத்தை வளைக்கப் பார்க்கும். வளையாவிட்டால் உடையும். உடைந்ததற்கு நன்கு பதிவான உதாரணம் கேம்பிரிட்ஜ்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஒரு நிறுவனம் என்பதைவிட ஒரு கூட்டாட்சி. 31 கல்லூரிகள், ஒவ்வொன்றும் தனிச் சட்டப் பிறவி, தனிச் சொத்து, தனிக் கணக்கு. அவற்றுக்கு வெளியே பல்கலைக்கழகத்துக்கென்று துறைகள், ஆய்வுக்கூடங்கள், நூலகங்கள். இறுதி அதிகாரம் ‘ரீஜென்ட் ஹவுஸ்’ என்ற சபைக்கு. ஆசிரியர்களும் நிர்வாகிகளுமாக ஆயிரக்கணக்கான பேர் அதில் உறுப்பினர். 1990களின் தொடக்கம் வரை துணைவேந்தர் பதவி என்பது ஒரு கல்லூரித் தலைவர் தன் வேலையோடு சேர்த்து இரண்டு வருடம் பார்த்துவிட்டுப் போகும் பதவியாகவே இருந்தது. துறைகள் தத்தம் வரவு செலவைத் தமக்குப் பிடித்த முறையில் எழுதி வைத்துக்கொண்டன. மையத்துக்கு ஒரு செலவு தெரியவரும்போது அது நடந்து முடிந்திருக்கும்.

இந்த நிலையை மாற்ற ‘காப்சா’ என்ற பெயரில் ஒரு கணக்கு அமைப்பைக் கொண்டுவந்தார்கள். ஆரக்கிள் நிறுவனத்தின் மென்பொருள். ஒரு துறை பொருளுக்கு ஆர்டர் கொடுத்தவுடனேயே அந்தத் தொகை ஒதுக்கப்பட்டதாக மையக் கணக்கில் ஏறிவிட வேண்டும் என்பது நோக்கம். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் பழையதை நிறுத்திப் புதியதை ஒரே மூச்சில் எல்லாத் துறைகளிலும் ஓடவிட்டார்கள். அது ஓடவில்லை, தவழ்ந்தது. அறிக்கைகள் எடுக்க முடியவில்லை. பொருள் கொடுத்தவர்களுக்குப் பணம் போகத் தாமதமானது. ஆராய்ச்சி நிதி வைத்திருந்தவர்களுக்குத் தம் கையிருப்பு எவ்வளவு என்று தெரியவில்லை. துறை அலுவலகங்களில் உட்கார்ந்திருந்த கணக்கர்கள், செயலர்கள் தலையில்தான் எல்லாம் விடிந்தது. செலவு ஒரு கோடிப் பவுண்டை ஒட்டி வந்தது.

மென்பொருள் பொறியியல் பேராசிரியர் ஆந்தனி ஃபிங்கெல்ஸ்டீனும், வார்விக் பல்கலைக்கழகத்தில் பதிவாளராக இருந்த மைக்கேல் ஷட்டக்கும் இதை ஆராய்ந்து கொடுத்த அறிக்கைகளை 2001 நவம்பரில் பல்கலைக்கழகமே வெளியிட்டது. இதைப் பாராட்டத்தான் வேண்டும். நம்மூரில் இப்படியொரு அறிக்கை வெளிவந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கலாம். அறிக்கைகள் கோளாறை மென்பொருளில் மட்டும் தேடவில்லை. சோதனை போதாது, பயிற்சி போதாது என்பவற்றைத் தாண்டி, இந்தத் திட்டத்துக்கு யார் பொறுப்பு என்று யாருக்குமே தெளிவாகத் தெரியவில்லை என்பதில் போய் நின்றன. பதிவாளர், பொருளாளர், புலங்களின் செயலர் என்று மூன்று தலைகள் இருந்த நிர்வாகம் அது.

ஷட்டக் இதிலிருந்து ஆட்சிமுறையையே சீர்திருத்த வேண்டும் என்ற இடத்துக்குப் போனார். தொடர்ந்து நடந்த விவாதத்தில் ஆசிரியர்களில் ஒரு சாரார் இதைச் சுயாட்சியைப் பறிப்பதற்கான சாக்காகவே பார்த்தார்கள். பின்னாளில் ஆட்சிக் குழுவில் வெளி உறுப்பினர்கள் இடம்பெற்றார்கள். கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்று எண்ணூறு வருடப் பழமையுள்ள ஒரு நிறுவனத்தின் அரசியல் சாசனத்தை விவாதத்துக்குக் கொண்டுவந்துவிட்டது என்பதே இதில் கவனிக்க வேண்டியது. இரண்டு தரப்பும் சொன்னதில் உண்மை இருக்கிறது. துறைகளின் சுயாட்சி என்பது பல இடங்களில் யாருக்கும் பதில் சொல்லாத சௌகரியமாகவும் இருந்தது. மையப்படுத்தல் என்பது பதில் சொல்ல வைப்பதற்காக மட்டும் வரவில்லை.

இனி இங்கே வருவோம். கேம்பிரிட்ஜில் ஒருங்கிணைப்பு காசிலிருந்து தொடங்கியது. நம்முடையது மார்க்கிலிருந்து தொடங்குகிறது. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அது லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றித் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் நிறுவனமாகவே உருவானது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகள் பிறகு, இருபதாம் நூற்றாண்டில் வந்தன. ஆகவே நம் பல்கலைக்கழகத்தின் நினைவு என்பது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் பதிவேடுதான். மற்றதெல்லாம் அதற்கு வாசல்கள். ஃபீஸ் கட்டினாயா, வருகை போதுமா, இல்லையென்றால் கன்டோனேஷன் கட்டினாயா, எல்லாம் ஹால் டிக்கெட் என்ற ஒரே வாசலில் வந்து முட்டும். இணைப்பு இறுகும்போது இந்த வாசலில்தான் முதலில் இறுகுகிறது.

பதிவேடுகள் தனித்தனியாகக் கிடந்த காலத்தில் அவற்றுக்கிடையே ஒரு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ‘உதவித்தொகை இன்னும் வரல சார்’ என்று நின்ற மாணவனுக்கு, ‘சரி எழுதிக் குடுத்துட்டு வாங்கிக்க, வந்ததும் கட்டிடு’ என்று ஹால் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்த சூப்பரிண்டெண்டுகள் உண்டு. இதை நினைத்து உருகுபவர்கள் இருக்கிறார்கள். உருகுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளி எல்லோருக்கும் ஒரே அகலத்தில் இருந்ததா? தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு, சொந்த சாதிக்காரருக்கு, பேசத் தெரிந்தவருக்கு அது கதவு மாதிரி திறந்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்து, அலுவலகத்துக்குள் நுழையவே தயங்கி வாசலில் நின்ற தலித் மாணவிக்கு அது ஊசித் துளை. அவளை மூன்று நாள் அலையவிட்டுக் கையெழுத்துப் போடுவதில் ஒரு நுண் அதிகாரம் இன்பம் கண்டது. யாரிடமும் கைகட்டி நிற்காமல் தன் நிலுவை என்ன, தன் விண்ணப்பம் எந்த மேஜையில் இருக்கிறது என்று அவளே திரையில் பார்த்துக்கொள்ள முடிவது சாதாரண மாற்றம் அல்ல. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இலும் தொடங்கின. பள்ளித் தகவல் அமைப்பும் உயர்கல்வித் தகவல் அமைப்பும் பேசிக்கொள்வதால்தான் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார் என்பதை அங்கேயே சரிபார்க்க முடிகிறது. இல்லாவிட்டால் அதற்கும் ஒரு சான்றிதழ், அதற்கும் ஒரு அலைச்சல்.

கண்காணிப்பு பற்றிப் பேசும் நம் நண்பர்கள் இந்த இடத்தில் ஃபூக்கோவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். தேர்வும் ஆவணமும் சேர்ந்து ஒவ்வொரு தனிமனிதரையும் ஒரு ‘கேஸ்’ ஆக்கிவிடுகின்றன என்று அவர் 1975இல் எழுதியது சரி. ஆனால் நம் பல்கலைக்கழக அலுவலகம் ஒருநாளும் பெந்தாமின் வட்டச் சிறையாக இருந்ததில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் கண் அல்ல அங்கே இருந்தது. ‘ஃபைல் காணோம்’ என்று சொல்லும் வாய். காணாமல் போகும் ஃபைலின் அதிகாரத்துக்கு நாம்தான் கோட்பாடு எழுத வேண்டும், பாரிஸிலிருந்து வராது.

இடைவெளியை மூடுவதோ விடுவதோ அல்ல இங்கு பிரச்சினை. மூடும்போது அதிலிருந்த நியாயத்தை எங்கே எழுதி வைப்பது என்பதுதான். பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகையில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு மாறிய பிறகு, 2021–22 முதல் மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகும்படி ஆயிற்று. பணம் வரத் தாமதமானால் கல்லூரியின் கணக்கில் கடனாளி யார்? மாணவர். தர வேண்டியது அரசு. நிலுவை என்ற கட்டத்தில் நிற்பது மாணவரின் எண். பழைய சூப்பரிண்டெண்ட், நல்லவராக இருந்தால், இந்த வித்தியாசத்தை மனசில் வைத்திருந்தார். கணினியில் நிலுவை என்பதற்கு ஒரே ஒரு கட்டம் இருந்தால் அதற்கு ஹால் டிக்கெட்டைப் பூட்டத்தான் தெரியும். ‘அரசிடமிருந்து வர வேண்டியது’ என்று இன்னொரு கட்டத்தைச் சேர்த்து, அது நிரம்பியிருந்தால் வாசல் பூட்டாது என்று எழுதுவது நிரல் எழுதுபவருக்குப் பெரிய வேலை அல்ல. அதைச் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்றால், கேட்கும் நாற்காலியில் யார் இருந்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெயருக்கு வருவோம். ஒருங்கிணைப்பில் தமிழர்கள் படும்பாடு இதில்தான் அதிகம். படிவம் மூன்று கட்டங்களோடு வருகிறது: முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர். நம்மிடம் இருப்பது ஒரு பெயர், ஒரு முன்னெழுத்து. கருப்பையாவின் மகள் செல்வி பள்ளிச் சான்றிதழில் க. செல்வி. ஆதாரில் செல்வி கருப்பையா. வங்கியில் கருப்பையா செல்வி. பல்கலைக்கழகத்தில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் ‘சிஸ்டம் எடுக்காது’ என்பதால் யாரோ ஒரு புள்ளி வைத்தார்கள்; அங்கே அவர் பெயர் செல்வி புள்ளி. ஆங்கில எழுத்தில் முன்னெழுத்து ‘கே’யா ‘ஜி’யா என்பது இன்னொரு கிளைக்கதை. மனிதக் கண் பார்த்தால் எல்லாம் ஒரே செல்விதான். பொருத்திப் பார்க்கும் நிரல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. கல்வி மதிப்பெண் வங்கி 2021இல் வந்தது, அதையடுத்து மாணவருக்கான ‘அபார்’ எண் வந்தது. பல்கலைக்கழகப் பதிவும் ஆதார்ப் பெயரும் பொருந்த வேண்டும் என்றானபோது செல்விகள் வரிசையில் நின்றார்கள்.

இது வெறும் படிவக் கோளாறு அல்ல. நமக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் போனதற்கு ஒரு அரசியல் இருக்கிறது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பெயரின் வால் அறுந்தது ஒரு நூற்றாண்டு இயக்கத்தின் சம்பாத்தியம். பட்டம் இருந்த இடத்தை வெறுமையாக வைத்திருப்பதே இங்கே ஒரு கூற்று. அந்த வெறுமையை மென்பொருள் ‘தகவல் பிழை’ என்று வாசிக்கிறது.

தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்கும் இதே சிக்கல் வந்திருக்கிறது. பாட்டு கிடைத்தது, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் புள்ளி வைக்கவில்லை. பாட்டிலேயே இருந்த ஒரு தொடரை எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் பெயராக்கினார்கள். இல்லாத பெயரை அந்த ஆள் விட்டுச் சென்றதிலிருந்தே உண்டாக்குவது ஒரு தொகுப்பு நெறி. காலிக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்பதில் எப்போதும் ஒரு தேர்வு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியவர்களின் நிலை வேறு. 2014இல் உச்ச நீதிமன்றம் திருநர்களின் பாலின அடையாளத்தைச் சட்டப்படி அங்கீகரித்தது. ஒரு திருநங்கை மாணவியின் பெயர் சேர்க்கைப் பிரிவில் மாறி, விடுதிப் பட்டியலில் மாறாமல், வருகைப் பதிவேட்டில் பழைய பெயர் உரக்க வாசிக்கப்பட்டால் அது அவருக்கு வகுப்பறையில் நடக்கும் அவமானம். நல்ல ஒருங்கிணைப்பு இருந்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். ஆனால் அதே ஒருங்கிணைப்பு பழைய பெயரை ‘வரலாறு’ என்ற பொத்தானுக்கு அடியில் எல்லாப் பிரிவினருக்கும் திறந்து வைத்திருக்கவும் கூடும். மாற்றுவதோடு சேர்த்து மறக்கவும் ஒரு அமைப்புக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

மறதி ஒரு குறைபாடு அல்ல, வடிவமைக்கப்பட வேண்டிய ஒன்று என்பதை நூலகர்கள் அறிந்திருந்தார்கள். நீனா பிரௌன் என்ற அமெரிக்க நூலகரின் பெயரால் வழங்கும் முறை நம் நூலகங்களில் நெடுங்காலம் இருந்தது. புத்தகத்தின் அட்டையை எடுத்து வாசகரின் சிறு பைச்சீட்டுக்குள் செருகித் தேதி வரிசையில் அடுக்கி வைப்பார்கள். புத்தகம் திரும்பி வந்ததும் அட்டை புத்தகத்துக்குப் போகும், சீட்டு வாசகருக்குப் போகும். அவ்வளவுதான். யார் எதை வாசித்தார் என்பதற்கு ஒரு தடயமும் மிஞ்சாது. இதைப் பாடநூல்கள் அந்த முறையின் குறையாக எழுதின. இன்றைய கணினியில் இரவல் விவரம் தானாக அழியாது. அழிக்கச் சொல்லி யாராவது உத்தரவு போட்டால்தான் அழியும். நூலகம் தனித்தீவாக இருக்கும் வரை அந்த விவரம் நூலகரோடு முடிந்தது. மையத்தோடு இணைந்த பிறகு ஒருவர் எந்த நூலை எத்தனை முறை எடுத்தார் என்பதும், விடுதிக்கு எத்தனை மணிக்குத் திரும்பினார் என்பதும், எந்த சாதி என்பதும் ஒரே எண்ணின் கீழ் ஒரே திரையில் வர முடியும். தனித்தனியே மூன்றும் சாதாரண விவரங்கள். நூலகத்துக்கு சாதி தெரிய வேண்டியதில்லை, விடுதிக்காப்பாளருக்கு வாசிப்பு தெரிய வேண்டியதில்லை. எதை இணைப்பது என்று கூட்டம் போடுகிறார்கள், எதை இணைக்கக் கூடாது என்று பட்டியல் போடுவதில்லை.

கடைசியாக ஒரு வாக்கியத்தைப் பற்றி. ‘சிஸ்டம் எடுக்கல.’ இதில் எழுவாய் யார்? முன்பு அதிகாரத்துக்கு ஒரு உயர்திணைப் பெயர் இருந்தது. சூப்பரிண்டெண்ட் ஐயா லீவு, ரிஜிஸ்ட்ரார் மீட்டிங்ல இருக்கார், நாளைக்கு வாங்க. அவரைத் திட்டலாம், கெஞ்சலாம், சங்கத்தைக் கூட்டிக்கொண்டு போய் அவர் அறை முன் உட்காரலாம். இப்போது எழுவாய் அஃறிணைக்குப் போய்விட்டது. அஃறிணையிடம் கோரிக்கை வைக்க முடியாது. உண்மையில் அந்த மறுப்பை ஒரு கூட்டத்தில் நான்கு பேர் விதியாகச் சொல்லியிருக்கிறார்கள், ஒருவர் அதை நிரலாக எழுதியிருக்கிறார். வாக்கியம் அவர்களை மறைக்கிறது.

பழைய ரிஜிஸ்டரில் ஒரு தவறைத் திருத்துவதற்கு ஒரு மரபு இருந்தது. சிவப்பு மையில் ஒரு கோடு, மேலே சரியானது, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும். அடியில் இருந்ததும் தெரியும், அடித்தவர் யார் என்றும் தெரியும். கணினியாலும் இதைச் செய்ய முடியும். பல அமைப்புகள் யார் எப்போது எதை மாற்றினார் என்று உள்ளே குறித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தக் குறிப்பை மாணவருக்குக் காட்டுவதில்லை என்பது மட்டும்தான் வேறுபாடு. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன்னைப் பற்றிய விவரத்தைத் திருத்தக் கோரும் உரிமையை எழுதி வைத்திருக்கிறது. அந்த உரிமையோடு செல்வி பல்கலைக்கழகத்துக்குப் போனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் உதவியாளருக்கும் திரையில் பார்க்கத்தான் அனுமதி, தொட அனுமதி இல்லை. அவர் புகாரைப் பதிந்து வேறு ஏதோ ஊரில் இருக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கு அனுப்புவார். கெட்ட மனிதர் அல்ல, அவருக்கும் வேறு வழியில்லை. ‘டிக்கெட் போட்டிருக்கேன்மா, இந்த நம்பரைக் குறிச்சு வெச்சுக்க’ என்பார். செல்வியிடம் ஏற்கெனவே உள்ள எண்களோடு அது இன்னொன்று.